இடது பக்கத்துத் தலைவலி

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் பெரியவளைக் கொண்டுபோய் உட்கார வைத்த அதிகாரி யாரோ, பலே ஆளாக இருந்திருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் நாறுகிறது, நாற்றம் நின்றால் மறுபடி தண்ணீர் வரவில்லை என்று கொதித்துக்கொண்டு வருகிறவர்கள், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் அவள் முகத்தைப் பார்த்ததும் பாதிப் பேச்சில் சுருதி இறங்கிவிடுவார்கள். பாவம், ஏற்கெனவே எதையோ தாங்கிக்கொண்டிருக்கிறாள், நாம் வேறு எதற்கு என்று தோன்றிவிடும். சிலர் புகாரையே மறந்துவிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அவளுக்கு உடம்பு கல்லுமாதிரி இருந்தது. புருவங்கள் இரண்டும் மூக்குக்கு மேல் கூடிப் பேசுகிற மாதிரி ஓர் அமைப்பு, அவ்வளவுதான். அந்த அமைப்பினால்தான் ஒரு காலத்தில் ஊரெல்லாம் அவளுக்குத் தலைவலி என்று பெயர் வந்தது. பெயர் வைத்தது ஊர் என்றாலும், ஆரம்பித்து வைத்தது ஒரு மாத்திரைக் கம்பெனி.

அவள் பிறந்த வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி பெரியவள், ஒருத்தி சின்னவள். இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு, ஒரே தாடை. தூரத்திலிருந்து பார்த்தால் பெற்ற தாயே ஒருத்தியைக் கூப்பிட்டு இன்னொருத்தியைத் திட்டுவாள். வாயைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும். பெரியவளுக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். சின்னவளுக்கு முத்துமுத்தாக வரிசை.

அப்பாவின் நண்பர் ஒருவர் விளம்பரக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். தலைவலி மாத்திரை விளம்பரத்துக்கு வீட்டுப்பாங்கான முகம் ஒன்று வேண்டும் என்று அவர்தான் வந்து கேட்டார். படத்தில் இரண்டு கட்டம். இடது கட்டத்தில் பெண் தலையைப் பிடித்துக்கொண்டு துடிக்க வேண்டும். வலது கட்டத்தில் அதே பெண் மலர்ந்து சிரிக்க வேண்டும். நடுவில் மாத்திரை. கீழே, "இருந்துச்சு... பறந்துச்சு!" பெரியவளுக்கு அப்போது இருபது வயது. துணைக்குச் சின்னவளும் போனாள்.

அச்சகத்தின் மாடியில் ஸ்டூடியோ. கீழே இயந்திரம் ஓட, மேலே தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. காலையிலிருந்து சூடான விளக்குகளின் முன்னால் நின்று பெரியவள் நெற்றியைப் பிடித்தாள், நெற்றிப்பொட்டைப் பிடித்தாள், கண்ணை இறுக்கினாள். கழுத்தில் துண்டு போட்டிருந்த போட்டோக்காரர் திருப்திப்படவில்லை. "இது தலைவலி இல்லம்மா. சாவிய எங்கயோ வெச்சுட்டுத் தேடற மாதிரி இருக்கு," என்றார். சின்னவளுக்கு அதைப் பார்த்து அடக்கமாட்டாத சிரிப்பு. அவளைக் கீழே போய்க் காலண்டர் அடிப்பதை வேடிக்கை பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சரி, சிரிப்பை முதலில் முடித்துவிடலாம் என்றார் போட்டோக்காரர். பெரியவள் சிரித்தாள். மனதார, முழுசாக, இதுவாவது நமக்கு வருமே என்கிற நிம்மதியோடு சிரித்தாள்.

போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"சிரிக்காதம்மா. பல்லு நல்லா இல்ல. தங்கச்சியைக் கூப்பிடு."

கோபமாகச் சொல்லவில்லை. விளக்கை நகர்த்து, நாற்காலியைத் தள்ளு என்று சொல்வதுபோலச் சொன்னார். உதவியாள் படியிறங்கி ஓடினான். பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சிரிப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை. வாய் மூடிக்கொண்டது. கை தானாகவே எழுந்து நெற்றிக்குப் போயிற்று. போட்டோக்காரர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்படியே இரு! அப்படியே இரு!" என்று கத்திக்கொண்டு கேமராவிடம் பாய்ந்தார்.

ஒரே ஒரு படம். அதுதான் இடது கட்டம். பிறகு அவள் போட்டிருந்த மஞ்சள் உடையைக் கழற்றி வாங்கிச் சின்னவளுக்கு மாட்டினார்கள். சின்னவள் வந்தாள், நின்றாள், சிரித்தாள், முடிந்தது. வீட்டில், "எனக்கு நடிப்பு வந்துச்சு, அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு," என்று பெரியவள் ஒரே வரியில் கதையை முடித்துவிட்டாள். போட்டோக்காரர் சொன்னதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் வந்த ஏழெட்டு வருஷம் அவள் முகம் இல்லாத சுவர் இல்லை. பேருந்தின் பின்புறத்தில் அவள், ரயில் நிலையத்தில் அவள், பத்திரிகையின் பின்னட்டையில் அவள். தெருவில் போனால் பள்ளிப் பிள்ளைகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "இருந்துச்சு...!" என்று இழுப்பார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் மூன்று வார்த்தை நல்லவிதமாகப் பேசிவிட்டு நான்காவதாக, "பொண்ணுக்கு அடிக்கடி தலைவலி வருமோ?" என்று கேட்டார்கள். விளம்பரம் என்று சொன்னால் விளம்பரம்தான் என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் வருமோ என்று கேட்டார்கள்.

கடைசியில் அவளைக் கட்டிக்கொண்டவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் கடையில் அந்த விளம்பரத்தின் அட்டை ஆளுயரத்துக்கு நின்றிருந்ததாம். தினமும் பார்த்துப் பார்த்துப் பழகிய முகம் என்று பெரியவர்களிடம் சொல்லி அனுப்பினார். கல்யாணமான புதிதில் அவள் ஆசையாகக் கேட்டாள், "ரெண்டு முகம் இருந்துச்சே, எது உங்களுக்குப் பழகின முகம்?"

"வலிக்கிற முகம்தான்," என்றார் அவர்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "ஏன்?"

"கடையில எடம் இல்ல. இருமல் மருந்து அலமாரி அந்தப் பக்கத்தை மறைச்சுடுச்சு."

இப்படிப்பட்ட மனிதருடன்தான் அவள் இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். குறை சொல்லவும் முடியாது.

சின்னவளுக்கோ அந்தச் சிரிப்பு சோறு போட்டது. ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. அவள் தலைக்கு மேலே பழைய விளம்பரத்தின் வலது கட்டத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் தங்கள் பல்லும் அப்படி ஆகிவிடும் என்று நம்பி நாற்காலியில் சாய்ந்தார்கள். "எங்க டாக்டர்கிட்ட சொல்லி உன் பல்லையும் வரிசையாக்கிடலாம்க்கா, எனக்காகக் கம்மியாப் பண்ணுவாரு," என்று சின்னவள் பலமுறை நல்ல மனசோடு சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பெரியவள் வாயை மூடிக்கொண்டு வேண்டாமென்று தலையாட்டினாள். கூட்டமாகப் படம் எடுத்தால் அவள் ஓரத்தில், வாயை மூடியபடி நிற்பாள். சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும்.

மாத்திரைக் கம்பெனி மூடப்பட்டது. சுவர்களில் செல்போன் வந்தது, சிமென்ட் வந்தது, சினிமா வந்தது. பிள்ளைகளுக்கு விளையாட வேறு முகங்கள் கிடைத்தன. பெரியவளின் புருவம் மட்டும் புகார்ப் பிரிவில் பணியைத் தொடர்ந்தது.

ஒரு நாள் அலுவலகத்துக்குச் சின்னவளிடமிருந்து போன். மூச்சுவிடாமல் பேசினாள்.

"அக்கா, பேப்பர் பாத்தியா? யாரோ பெரிய ஓவியராம். பழைய விளம்பரம், சினிமா போஸ்டர், பிஸ்கட் கவர், இதையெல்லாம் வெச்சுக் கண்காட்சி போட்டிருக்காராம். அதுல நம்ம மாத்திரை விளம்பரம்தான் முக்கியமாம். ஒரு ரூம் முழுக்க அதேதானாம்!"

"யாரு படமாம்?"

"யாரு படம்னா? விளம்பரத்துல யாரு இருக்கா? என் சிரிப்புக்கு மயங்கித்தான் வரைஞ்சிருப்பாரு, வேற என்ன?" என்று சொல்லிவிட்டு, அவசரமாக, "நீயும்தான் இருப்பே," என்று சேர்த்துக்கொண்டாள்.

சின்னவளின் மகனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் படித்தவர்கள், கலை, இசை என்று பேசுகிறவர்கள். அவர்கள் முன்னால் சின்னவளுக்கு வாய் திறக்கவே கூச்சமாக இருந்தது. இப்போது கடவுளாகப் பார்த்து அனுப்பியதுபோல இந்தக் கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் எல்லோரையும் அங்கே அழைத்திருந்தாள். "நீயும் மாமாவும் கண்டிப்பா வந்துடணும். நல்ல டிரஸ்ஸாப் போட்டுட்டு வா," என்றாள்.

பெரியவளால் ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், தலைவலி என்று சொல்லிவிட்டு அலுவலகத்திலிருந்து நழுவினாள். யாரும் சந்தேகப்படவில்லை.

முன்பு துணிக்கிடங்காக இருந்த கட்டடம். வெள்ளையடித்த உயரமான சுவர்கள், காலடிச் சத்தம் கேட்கிற சிமென்ட் தரை, கதவருகே கண்ணாடிக் குடுவையில் தண்ணீர். முதல் அறையில் ஷாம்பு பாக்கெட்டில் சிரிக்கிற நடிகை கதவளவுக்கு இருந்தாள். "இன்றே கடைசி" என்று ஒரு படம் முழுக்க எழுதியிருந்தது. மிட்டாய்க் காகிதத்திலிருந்த பொம்மைக் கரடி சாமியார்போலக் கண்மூடி உட்கார்ந்திருந்தது. இரண்டாவது அறையில் நுழைந்தாள்.

நான்கு சுவரிலும் அவள். பச்சை முகத்தில் அவள், ஆரஞ்சு முகத்தில் அவள், கத்தரிப்பூ நிறத்தில் அவள், தங்கப் பொட்டுப் புள்ளிகளாலேயே ஆன அவள். எல்லாவற்றிலும் அதே கை, அதே நெற்றி, மூடிய அதே வாய். வலது கட்டத்தில் சின்னவளைத் தேடினாள். கட்டம் இருந்தது. சின்னவளின் மஞ்சள் உடையின் ஓரமும் ஒரு காதும் தெரிந்தன. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில், கிழிந்த ஓரங்களோடு இன்னொரு சுவரொட்டி ஒட்டியதுபோல வரைந்திருந்தது. அதில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: "மூலமா? வெட்கம் வேண்டாம். ஒரே ஊசி!"

எல்லாப் படத்திலும் அப்படித்தான். நிறம் மட்டும் மாறியது.

பெரியவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கை வாய்க்குப் போயிற்று. பிறகு சம்பந்தி வீட்டாரை நினைத்தாள். அறைக்கு நடுவிலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஓவியர் அங்கேதான் இருந்தார். நாற்பது வயதிருக்கும். குளிர்பானப் புட்டி படம் போட்ட பனியனும் அரைத் தாடியும். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு தாளைக் கொடுத்தார். அந்த முகம் "நுகர்வு நாகரிகத்தின் கூட்டு நெற்றி" என்று அதில் எழுதியிருந்தது. தன் நெற்றியில் இத்தனை பேர் கூடியிருந்ததை அவள் அறிந்திருக்கவில்லை.

"சார், இந்தப் பக்கம் ஏன் இப்படி?" என்று வலது கட்டத்தைக் காட்டிக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்கு எதிர்ச் சுவத்துல இந்த விளம்பரம் இருந்துச்சு. நான் பாத்தப்ப அந்தப் பக்கத்து மேல அந்த ஊசிக்காரர் ஒட்டியிருந்தாரு. அங்க என்ன இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. மாத்தாம அப்படியே வரைஞ்சேன்." பிறகு தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னார். "ஸ்கூல்ல ரெண்டு தடவை ஃபெயிலானேன். வீட்டுல எல்லாரும் திட்டினாங்க. ஜன்னலைத் திறந்தா இந்தம்மா மட்டும் எனக்காகக் கஷ்டப்பட்டுட்டு நிப்பாங்க. இது தலைவலி இல்லன்னு அப்பவே தோணும். வேற என்னமோன்னு தோணும்."

பெரியவள் நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவளாகச் சொன்னால் அது ஒரு புகார் மாதிரி இருக்கும். வாழ்நாள் முழுக்கப் புகார் கேட்டவளுக்கு அதன் குரல் தெரியும். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, சின்னவளின் சம்பந்தி வீட்டார், இவள் வீட்டுக்காரர் எல்லோரும் நிற்கும்போது, இந்த மனிதர் அவளைப் பார்த்து, "அட, இது நீங்கதானே!" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை. அவளுக்கு அது வேண்டியிருந்தது, வெட்கமில்லாமல் வேண்டியிருந்தது.

அதற்கு ஓர் இடைஞ்சல். சின்னவளிடம் உண்மையைச் சொன்னால் அவள் ஞாயிற்றுக்கிழமையையே ரத்து செய்துவிடுவாள். சொல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் முன்னால் அவள் முகத்தில் ஊசிக்காரரின் சுவரொட்டி.

அன்று மாலை கடையை மூடிவிட்டு வந்த கணவரிடம் விஷயத்தைக் கொட்டினாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப இங்கயும் அந்தப் பக்கத்தை மறைச்சுட்டாங்களா?"

"அதை விடுங்க. அவகிட்ட சொல்லட்டுமா, வேண்டாமா?"

"சொல்லணும்னு நினைச்சிருந்தா இந்நேரம் அவளுக்குத்தான் போன் போட்டிருப்பே," என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை சின்னவளே கூப்பிட்டாள். பச்சையா, நீலமா என்று உடைக்கு யோசனை கேட்டாள். "அக்கா, அவங்க பாத்ததும் நான் கொஞ்சம் ஆச்சரியப்படற மாதிரி நடிக்கணும், இல்லையா?" என்று கேட்டாள். ஆச்சரியத்துக்குக் குறை இருக்காது என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். வாயைத் திறந்து, "நீலம்," என்று மட்டும் சொன்னாள். பெரிய பாவம்தான். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். சம்பந்தியம்மா கழுத்தில் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். சம்பந்தி ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் இரண்டடி போய், முன்னால் ஓரடி வந்தார். சின்னவள் நீலத்தில் ஜொலித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். பெரியவள் வழக்கம்போல வால். பத்திரிகையிலிருந்து ஒரு பெண் கேமராவும் கையுமாக வந்திருந்தாள்.

இரண்டாவது அறைக்குள் போனதும் சின்னவள் ஆச்சரியப்படத் தயாராக வைத்திருந்த முகத்தோடு நின்றாள். ஒரு சுவரைப் பார்த்தாள். இன்னொரு சுவரைப் பார்த்தாள். மூலத்தைப் படித்தாள், வெட்கம் வேண்டாம் என்பதையும் படித்தாள். மெதுவாகத் திரும்பிப் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் செருப்பைப் பார்த்தாள்.

"இதுல நீங்க எது?" என்று சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவளுக்குத்தான் பூமி பிளக்கவில்லை. சின்னவள் ஒரு கணம்தான் தயங்கினாள். பிறகு கையை நீட்டி, பச்சை முகத்தைக் காட்டினாள்.

"இதுதான் நான்."

பெரியவளின் காதில் அது விழுந்தது, உள்ளே போகவில்லை. சின்னவளின் கணவர் கூரையிலிருந்த விளக்குகளை ஆராயத் தொடங்கினார். மகன் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான். மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார். பெரியவள் அவர் முழங்கையைக் கிள்ளினாள். ஏன் கிள்ளினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எதிரே நின்றது சம்பந்தி வீடு, மாட்டிக்கொண்டது தங்கை, கை முந்திக்கொண்டது.

"ஆமாம், அதே மூக்கு, அதே தாடை!" என்றாள் சம்பந்தியம்மா. ஓவியர் ஓடி வந்தார். சின்னவளின் கைகளைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கினார். ஜன்னலையும் ஃபெயிலானதையும் மறுபடி சொன்னார். பெரியவளுக்குச் சொன்ன அதே வார்த்தைகள். அவள் ஆசைப்பட்ட, "இது நீங்கதானே!" என்கிற வாக்கியமும் வந்தது. அட்சரம் பிசகாமல் வந்தது, மூன்றடி தள்ளி விழுந்தது.

"மேடம், படத்துக்குப் பக்கத்துல நின்னு அதே மாதிரி நெத்தியைப் பிடிங்க. ஒரே ஒரு போட்டோ," என்றாள் பத்திரிகைப் பெண்.

சின்னவள் நின்றாள். நெற்றியைப் பிடித்தாள். வந்தது சிரிப்பு. மறுபடி பிடித்தாள், உதட்டைக் கடித்தாள். பதற்றம் கூடக்கூட அவளுக்குச் சிரிப்புத்தான் வரும், பிறவிக் குணம். இருபது வருஷம் வரவேற்பு மேசையில் அதையே வேறு பழகியிருந்தாள். "சாவியைத் தேடற மாதிரி இருக்கே," என்று மகன் முணுமுணுத்தான். சம்பந்தி இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். ஓவியரின் புருவம் சுருங்கியது. படத்தையும் சின்னவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

சின்னவளின் கண் கூட்டத்துக்குள் அக்காவைத் தேடியது. சின்ன வயதில் கணக்கு வராதபோது நோட்டுக்கு மேலாகத் தேடுமே, அதே கண்.

விட்டுவிடலாம். இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும், குட்டு தானாக உடையும். பெரியவள் அதையும் நினைத்தாள், நினைக்கவில்லை என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் கால் நடந்தது. தங்கையின் பக்கத்தில் போய், தலைமுடியைச் சரிசெய்கிற சாக்கில் காதோரம் குனிந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலியைத் தள்ளு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"சிரிக்காதே. பல்லு நல்லா இல்ல. அக்காவைக் கூப்பிடு."

சின்னவளின் சிரிப்பு நின்றது. வாய் மூடிக்கொண்டது. வாழ்க்கையில் யாரும் அவளுக்கு அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. புருவங்கள் மெல்ல நடுவில் வந்தன. கண் அக்காவின் மேலேயே நிலைத்தது. நெற்றியில் சும்மா வைத்திருந்த கை இப்போதுதான் உண்மையாகவே நெற்றியைப் பிடித்தது.

"அதேதான்! அப்படியே இருங்க!" என்று ஓவியர் கத்தினார்.

பெரியவளுக்கு அந்தக் கூச்சலைக் கேட்டதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கழித்து, அதே கூச்சல், அதே இரண்டு வார்த்தை. ஒரு கை தங்கையின் தோளில், இன்னொரு கை அவளுடைய முடியில். வாயை மூடக் கை மிச்சமில்லை. கேமரா மின்னியது.

சம்பந்தி வீட்டார் புளகாங்கிதப்பட்டுப் போனார்கள். "எவ்வளவு பெரிய நடிகை, எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றாள் சம்பந்தியம்மா. எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போனபோது அக்காவும் தங்கையும் வெளிப்படியில் வந்து உட்கார்ந்தார்கள்.

"போஸ்டர் ஒட்டியிருந்தது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் சின்னவள்.

"தெரியும். வந்து பாத்தேன்."

"சொல்லாம என்னை நீலத்துல வரச் சொன்னே."

"ஆமா. நீ மட்டும் என் முகத்தை எடுத்துக்கலையா?"

கணக்கு நேராகிவிட்டது. பிறகு சின்னவள் கேட்டாள்.

"காதுல சொன்னியே, அது உனக்கா தோணினதா?"

"இல்ல. அன்னிக்கு போட்டோ எடுத்தவர் சொன்னது. நீ கீழ காலண்டர் பாத்துட்டு இருந்தே."

சின்னவள் தெருவைப் பார்த்தாள்.

"அந்த மஞ்சள் டிரஸ் நான் போட்டப்ப சூடா இருந்துச்சுக்கா," என்றாள். "நீ போட்ட சூடு. இப்ப ஞாபகம் வருது." மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணு சொல்லட்டுமா? இத்தனை வருஷத்துல ஒரு புள்ளையாவது என் சிரிப்பைச் செஞ்சு காட்டியிருக்கா? எல்லாம் நெத்தியைப் பிடிச்சுட்டு உன்னைத்தான் செய்யும். எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா? சும்மாவா உன் முகத்தைத் திருடினேன்?" பிறகு இரண்டு கையாலும் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டாள். "நெஜமாவே தலை வலிக்குதுக்கா."

பெரியவள் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரர் மனைவியின் பையில் எப்போதும் இருக்கும். வேறு கம்பெனி.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. இடது பக்கத்தில் சின்னவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். வலது பக்கத்தில் பெரியவள் தெத்துப்பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவளின் பெயரும் பெருமையும் கீழே இரண்டு வரிக்கு இருந்தன. பெரியவளுக்கு அடைப்புக்குறிக்குள், "உடன் ஒரு பார்வையாளர்."

மருந்துக்கடைக்காரர் அதை வெட்டி, கடையில் மாட்டிவிட்டார். இருமல் மருந்து அலமாரியை ஆள் வைத்து நகர்த்தியதாகச் சொன்னார். இன்னொரு பிரதியை அலுவலகத் தோழி ஒருத்தி புகார்ப் பிரிவின் கண்ணாடித் தடுப்பில் ஒட்டினாள். அதில் யார் யார் என்று பெரியவள் யாரிடமும் விளக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒருவர் கொதித்துக்கொண்டு வந்தார். குழாயில் சேறு வருகிறதாம். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லோரையும்போல அவருக்கும் சுருதி இறங்கியது. கண் தடுப்பிலிருந்த படத்துக்குப் போயிற்று. நெற்றியைப் பிடித்திருந்தவளைப் பார்த்தார். தடுப்புக்குப் பின்னால் இருந்தவளையும் பார்த்தார். பெரியவள் தயாரானாள்.

அவர் விரல் வலது பக்கத்தில் போய் நின்றது.

"இந்தச் சிரிக்கிறவங்க நீங்கதானே?"

"ஆமாங்க," என்றாள் பெரியவள். "சேறு எந்தத் தெருவுலன்னு சொன்னீங்க?"